பெரியக்காவின் மெழுகுக் கட்டி

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் குழாயக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி, கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று நேராக அவளிடமே வந்து புகார் சொன்ன கதை இன்றைக்கும் கேன்டீனில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் பார்ப்பது வேறு குழாய். மூன்றாம் மாடி லேபில், சுண்டுவிரல் நீளக் குழாய்களில் வந்து சேரும் ரத்தத்தை இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர்ச்சீட்டு ஒட்டாமல் ஒரு குழாய் வந்துவிட்டால், அனுப்பியவர் எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். விதி என்றால் விதி. அதனால் அவளைக் கண்டால் சிலருக்கு எரிச்சல், பலருக்கு நம்பிக்கை.

வீட்டில் மூன்று பெண்கள். அவள் நடு. அம்மா நாற்பத்தொரு வயதில் மார்பகப் புற்றுநோயில் போனாள். பெரியக்கா நாற்பத்துநான்கில், அதே நோயில், அதே ஆஸ்பத்திரியில், அம்மா படுத்திருந்த அதே வார்டில். மிச்சம் இருந்தது இவளும் தங்கையும். தங்கை கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் பயிற்சியாளர். பக்கத்து இருக்கையில் காலடியில் தனி பிரேக்கை வைத்துக்கொண்டு, நாள் முழுவதும் ஊராரின் தப்புகளுக்கெல்லாம் மிதிக்கிறவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம்.

ஆறேழு வருடத்துக்கு முன்னால் லேப் டாக்டர் ஒரு வேலையைத் தொடங்கினார். வழிவழியாக மார்பகப் புற்றுநோய் வருகிற குடும்பங்களில், அந்த நோயோடு தொடர்புள்ள மரபணுவில் எழுத்துப்பிழை ஏதும் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. மனித உடம்பு எழுதிவைத்த ஒரு நீளமான வாக்கியம் என்றால், அதில் ஒரு எழுத்து மாறினால் போதும், சில குடும்பங்களில் பெண்கள் சீக்கிரம் போய்விடுகிறார்கள். டாக்டர் முறையை வகுத்தார். கையால் செய்து பழக்கியவள் குழாயக்கா. முதல் வாரமே தன் ரத்தத்தைத்தான் வைத்துப் பார்த்தாள். பிழை எதுவும் தெரியவில்லை. அதற்காக அவள் சந்தோஷப்பட்டதைவிட வெட்கப்பட்டதுதான் அதிகம். நான்கு வருடத்தில் அறுபத்துமூன்று குடும்பங்களுக்குப் பார்த்துக் கொடுத்தார்கள்.

தங்கை மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறோம், ரிவர்ஸ் கியரா போட முடியும் என்று கேட்டாள். பிறகு அவள் மகளுக்குப் பதினெட்டு வயது ஆனது. அவளுக்கும் நாற்பது முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தானாகவே போன் செய்து, அடுத்த வாரம் ரத்தம் கொடுக்க வருகிறேன் என்றாள். குழாயக்காவுக்கு அன்றைக்குத்தான் நெஞ்சில் இருந்த கல் ஒன்று இறங்கியது.

அந்த வாரமே வக்கீல் நோட்டீஸ் வந்தது.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் சார்பில் நான்கு பக்கம். அந்த மரபணுவை முதலில் கண்டுபிடித்துப் பிரித்தெடுத்தது அவர்களாம். அதற்கான காப்புரிமை அவர்களுடையதாம். அவர்கள் அனுமதி இல்லாமல் அதை யாரும் பிரித்தெடுக்கவோ, படிக்கவோ, பரிசோதிக்கவோ கூடாதாம். உடனே நிறுத்தாவிட்டால் ஆஸ்பத்திரி கோர்ட்டுக்கு வர வேண்டியிருக்குமாம். லேப் டாக்டர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஆஸ்பத்திரியின் சட்ட அலுவலர், நிறுத்துகிறோம் என்ற உறுதிக் கடிதத்தில் டாக்டரிடம் பெயர் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் அந்தப் பரிசோதனைக்கான மருந்துப் புட்டிகளையெல்லாம் எண்ணி அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டினார்கள். மெஷினை மட்டும் எடுத்துப்போகவில்லை. அது மற்ற நோய்களுக்கும் வேண்டியிருந்தது. அதனால் அது குழாயக்காவின் மேசைக்கு எதிரிலேயே, பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“உடம்புல இருக்கிறது எப்படி டாக்டர் அவங்களுக்குச் சொந்தமாகும்?” என்று கேட்டாள்.

“உடம்புல இருக்கிற வரைக்கும் உன்னுதுதாம்மா. வெளியில எடுத்துட்டா அவங்களுது” என்றார் டாக்டர். அவர் சிரிக்கவில்லை. கிணற்றை விற்றவன், தண்ணீரை விற்கவில்லை என்று வாதாடினானே, அந்தக் கதையைச் சின்ன வயதில் கேட்டுச் சிரித்தவள் அவள். இப்போது சிரிப்பு வரவில்லை.

வேறு வழியில்லாமல் தங்கையின் ரத்தம் பெட்டியில் அடைத்து அந்தக் கம்பெனிக்கே போனது. ஏழு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. வழவழப்பான தாள், மேலே அழகான முத்திரை. நோய் உண்டாக்கும் பிழை என்று உறுதியாகத் தெரிந்தது எதுவும் இல்லை என்று முதல் வரி சொன்னது. இரண்டாவது வரியில்தான் சிக்கல் இருந்தது. ஓரிடத்தில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அது தீங்கானதா இல்லையா என்று இப்போது சொல்வதற்கில்லை.

தங்கை ரிப்போர்ட்டைப் பயிற்சிக் காரின் ஸ்டியரிங் மேல் விரித்து வைத்துக்கொண்டு படித்தாள். “அக்கா, பாஸா பெயிலான்னு கேட்டா, பேப்பர் திருத்தினோம், மார்க் போடலேங்கிறாங்களே” என்றாள்.

மார்க் போட ஒரு வழி இருந்தது. குழாயக்காவுக்கு அது அப்போதே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுக்கும் கட்டிகளில் ஒரு துண்டை மெழுகில் பதித்து, எண் போட்டு, கீழ்த்தளக் கிடங்கில் வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். பெரியக்காவின் துண்டும் அங்கே இருந்தது. தீப்பெட்டியில் பாதி அளவு மெழுகுக் கட்டி. பழைய மெழுகில் மரபணு நொறுங்கிப்போயிருக்கும். முழுதாக அதைப் படிக்க முடியாது. அதனால்தான் முன்பு அதைத் தொடவில்லை. ஆனால் எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால், அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்துவிடலாம். நோய் வந்து செத்துப்போன பெரியக்காவுக்கும் அந்த எழுத்து மாறியிருந்தால், அதன் மேல் சந்தேகம் வலுக்கும். மாறியிருக்காவிட்டால், பெரியக்காவைக் கொன்றது அது இல்லை. தங்கையின் மாற்றம் அநேகமாக வெறும் மச்சம் மாதிரி ஒன்று.

இரண்டு நாள் வேலை.

முதலில் கம்பெனிக்கே போன் செய்தாள். ஒவ்வொரு தரமும் பாட்டுப் போட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். நான்காவது நாள் ஒரு பெண் குரல் பேசியது. மெழுகில் உள்ள திசுக்களை அவர்கள் ஏற்பதில்லையாம், ரத்தம் மட்டும்தானாம். ரத்தம் கொடுக்க வேண்டியவள் ஒன்பது வருடத்துக்கு முன்னால் செத்துவிட்டாள் என்று குழாயக்கா சொன்னாள். மிகவும் வருந்துகிறோம் என்றது குரல். அப்படியானால் நாங்களே பார்த்துக்கொள்ள ஒரு அனுமதிக் கடிதம் தாருங்கள் என்றாள். அது தன் பிரிவு இல்லை என்றது. எந்தப் பிரிவு என்று கேட்டு எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை.

அடுத்து சட்ட அலுவலர். கெட்டவர் இல்லை; கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து உட்கார்ந்து கோப்பு மாதிரியே ஆகிவிட்டவர். முழு மரபணு வேண்டாம், ஒரே ஒரு எழுத்தைத்தான் பார்க்கப்போகிறேன் என்று அவரிடம் படம் போட்டுக் காட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“ஒரு எழுத்தா இருந்தாலும் அது அவங்க புத்தகத்துல இருக்கிற எழுத்தும்மா” என்றார்.

“எங்கக்கா உடம்புல இருந்தது சார்.”

“உங்க வருத்தம் புரியுது. ஆனா டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்காரு. நீங்க பார்த்தது வெளியில தெரிஞ்சா அவர் பதில் சொல்லணும். லேபையே மூடச் சொல்லுவாங்க.”

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்றால் என்ன என்று அவளுக்கு அந்த மாதங்களில்தான் விளங்கியது. வெண்ணெயும் இருந்தது, அடுப்பும் இருந்தது. அடுப்பில் வைக்கக் கூடாது என்று ஆறாயிரம் மைலுக்கு அப்பால் ஒருவன் சொல்லிவிட்டான்.

ஒரு நாள் மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது, கீழ்த்தளக் கிடங்கில் பதிவேட்டில் முறையாகப் பெயர் எழுதிக் கையெழுத்திட்டு அந்த மெழுகுக் கட்டியை எடுத்து வந்தாள். அடையாள எண் மங்கியிருந்தாலும் பதிவேட்டோடு ஒத்துப்போனது. பெரியக்காவின் பெயரின் முதல் எழுத்து மட்டும் தெரிந்தது. வெட்டும் கருவியில் பொருத்தினாள். வெங்காயத் தோலைவிட மெல்லியதாக நான்கு சீவல் சீவினாள். அவற்றைக் குழாயில் போட்டு மூடியும் விட்டாள். அதற்கு மேல் கை ஓடவில்லை. டாக்டர் தன் பெயரைப் போட்டுக் கொடுத்த வாக்கு அது. அவருக்கு ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. லேபை மூடினால், கீழே வரிசையில் உட்கார்ந்திருக்கும் சர்க்கரைக்காரர்களும் காய்ச்சல்காரர்களும் எங்கே போவார்கள்? குழாயில் பெயர்ச்சீட்டு ஒட்டி, உறைபெட்டியின் அடித்தட்டில் வைத்துவிட்டு, கட்டியைக் கிடங்கில் திருப்பிக் கொடுத்தாள். சாப்பிடப் போகாமல் தன் மேசைக்குத் திரும்பினாள். கேட்டவர்களிடம் தலைவலி என்றாள்.

இதற்கிடையில் டாக்டர்கள் சங்கம் ஒன்றும் நோயாளிகள் சிலரும் சேர்ந்து அந்தக் காப்புரிமையை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். லேப் டாக்டர் சொல்லி, குழாயக்காவும் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தாள். மூன்று தாள் எழுதியதை வக்கீல் அரைத் தாளாக வெட்டினார். நடந்ததை மட்டும் சொன்னால் போதும், கோபம் வேண்டாம் என்றார். கோபத்தை எடுத்துவிட்டால் அதில் மிச்சம் இருப்பது பெரியக்காவின் எண்ணும் தேதியும்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

வாதம் நடந்த நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். கம்பெனி வக்கீலுக்கு நல்ல குரல். கடல் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் கடல்நீரைக் காய்ச்சி எடுத்த உப்பு காய்ச்சியவனுக்குச் சொந்தம். உடம்பில் இருக்கும் மரபணு கடல், எங்கள் ஆட்கள் பிரித்தெடுத்தது உப்பு என்றார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, உப்பை விற்கட்டும், வேறு யாருமே உப்புக் காய்ச்சக் கூடாது என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்டார். சிரிப்பு எழுந்தது. நீதிபதி சிரிக்காமல் குறித்துக்கொண்டார். அவளுடைய அரைத் தாளை யாரும் படிக்கவில்லை. ‘இணைப்பு பதினேழு’ என்று ஒரே ஒரு தரம் சொன்னார்கள்.

இடைவேளையில் தாழ்வாரத்தில், தண்ணீர் பிடிக்கும் இடத்தில், கம்பெனியின் அட்டையைக் கழுத்தில் மாட்டிய ஒரு பெண் நின்றிருந்தாள். இவள் வயதுதான் இருக்கும். அந்த மரபணுவைத் தேடிய குழுவில் இருந்த விஞ்ஞானி என்று பேச்சில் தெரிந்தது. குழாயக்கா தங்கையின் ரிப்போர்ட் எண்ணை மனப்பாடமாகச் சொன்னாள்.

“இதே மாற்றத்தோட இன்னும் எத்தனை பேர் உங்ககிட்ட இருக்காங்க?”

“அதை நான் சொல்ல முடியாதுங்க.”

“தெரியாதா, சொல்ல முடியாதா?”

அந்தப் பெண் டம்ளரில் பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டு நின்றாள். “சொல்ல முடியாது” என்றாள். பிறகு, “பதினோரு வருஷம் தேடினோம். காப்புரிமை கிடைக்கும்னு நம்பித்தான் பணம் போட்டாங்க. அது இல்லேன்னா உங்க தங்கச்சிக்கு இந்த ரிப்போர்ட்டே வந்திருக்காது. அது பொய் இல்லீங்க” என்றாள்.

பொய் இல்லை என்பது குழாயக்காவுக்கும் தெரிந்தது. அதுதான் அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது. திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்தால் திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். கிடைத்தவளோ, தன்னைப் போலவே விரல் நுனிகளில் மருந்துக் கறை ஏறிய ஒருத்தி.

தீர்ப்பை ஒத்திவைத்தார்கள். நான்கு மாதம் ஆனது. தங்கைக்கு நாற்பத்தொன்று ஆனது. அம்மா போன வயது. மார்பகச் சிகிச்சை டாக்டரிடம் போனார்கள். இரண்டுங்கெட்டான் ரிப்போர்ட்டை வைத்து நான் எதையும் முடிவு செய்யச் சொல்லமாட்டேன், ஆனால் உங்கள் குடும்பக் கதையைப் பார்த்தால் முன்கூட்டியே மார்பகத்தை எடுப்பது வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன் என்றார் அவர். திரும்பி வரும்போது காரைத் தங்கைதான் ஓட்டினாள்.

“எடுத்துடலாம்னு இருக்கேன்க்கா. ரெண்டையும்” என்றாள், சிக்னலில் நின்றபோது.

“தீர்ப்பு வந்துடும்டி. வந்த ரெண்டாவது நாள் நான் பார்த்துச் சொல்லிடறேன்.”

“எப்ப வரும்?”

குழாயக்கா மடியிலிருந்த ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்தாள்.

“எனக்குக் காத்திருக்கத் தெரியும்க்கா. தினமும் எட்டுப் பேர் கிளட்சை விடத் தெரியாம விடுறதைப் பொறுத்துக்கிட்டு உட்காந்திருக்கேன். ஆனா இது என்ன காத்திருப்பு? குளிக்கும்போதெல்லாம் கை தானா அங்கதான் போகுது. போதும்” என்றாள். விளக்கு பச்சைக்கு மாறியது. பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தாள்.

ஆபரேஷன் நடந்தது. ஐந்தரை மணி நேரம். மகள் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவைக் கவனித்துக்கொண்டாள். மூன்று மாதத்துக்குக் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. ஸ்டியரிங் பிடிக்க ஐந்து மாதம் ஆனது.

அவள் வீட்டில் படுத்திருந்தபோதே தீர்ப்பு வந்தது. உடம்பில் இயற்கையாக உள்ள மரபணுவைப் பிரித்தெடுத்ததனால் மட்டும் அது யாருக்கும் சொந்தமாகிவிடாது. ஆனால் அதைப் பார்த்து ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகச் செய்துகொண்ட நகலுக்கு உரிமை கோரலாம் என்றது. இரண்டு தரப்பும் ஜெயித்தோம் என்று பேட்டி கொடுத்தார்கள். குழாயக்கா பேப்பரை எடுத்துக்கொண்டு சட்ட அலுவலரிடம் ஓடினாள். கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போகும், தடை உத்தரவு வாங்கினாலும் வாங்கும், அவசரப்படாதீர்கள் என்றார் அவர். சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதைதான். மேலதிகாரிக்கு எழுதினார், மேலதிகாரி ஆலோசனை வக்கீலுக்கு எழுதினார், ஆலோசனை வக்கீல் விடுமுறையில் இருந்தார். எல்லாம் சுற்றி வந்து, ‘பரிசோதனையைத் தொடரலாம்’ என்ற ஒற்றை வரித் தாள் லேபுக்கு வந்து சேர இன்னும் ஏழு மாதம் ஆனது. அதற்குள் லேப் டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார்.

தாள் வந்த அன்று காலை உறைபெட்டியின் அடித்தட்டிலிருந்து அந்தக் குழாயை எடுத்தாள். மறுநாள் மாலை நான்கு மணிக்கு முடிவு திரையில் வந்தது. ஒரு தரம் பார்த்தாள். சந்தேகத்துக்கு, அடுத்த இரண்டு நாளில் கிடங்கிலிருந்து கட்டியை மறுபடி வாங்கி, புதிதாகச் சீவி, இன்னொரு தரம் செய்தாள். அதே பதில்.

பெரியக்காவுக்கு அந்த எழுத்து மாறியிருக்கவில்லை.

எந்த ரிப்போர்ட்டையும் அவள் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக எழுதியதில்லை. தங்கையின் மாற்றம் பெரும்பாலும் தீங்கற்றது. அதனால் மகளுக்கு அந்த மாற்றத்தை எண்ணிப் பயம் வேண்டாம். நல்ல செய்திதான். ஆனால் அம்மாவையும் பெரியக்காவையும் கொண்டுபோனது எது என்பது இன்னும் தெரியவில்லை. தங்கை வெட்டிக்கொண்டது வீணா, இல்லை வேறு எதிலிருந்தோ தப்பிக்க உதவியதா என்பதும் தெரியாது. அதை எந்த மெஷினிடமும் கேட்க முடியாது.

பயிற்சிப் பள்ளியின் முன்னால், வேப்ப மரத்தடியில் நிறுத்தியிருந்த காரில் வைத்துச் சொன்னாள். தங்கை பயிற்சியாளர் இருக்கையில் இருந்தாள். இவள் ஓட்டுகிறவர் இருக்கையில். தங்கை முழுவதையும் கேட்டாள்.

“இதைப் பார்க்க எத்தனை நாளாச்சு?”

“ரெண்டு நாள். சரிபார்க்க இன்னொரு ரெண்டு நாள்.”

“அந்த ரிப்போர்ட் வந்தப்பவே பார்த்திருந்தாலும்?”

“அப்பவும் அதேதான்.”

தங்கை தலையை ஆட்டினாள். சட்டைக்குள் தழும்பு இழுத்தது போல, தோளை லேசாக அசைத்துச் சரிசெய்துகொண்டாள்.

“நீ திருட்டுத்தனமா பார்த்திருக்கலாமேன்னு நான் என்னைக்கும் கேக்கமாட்டேன்க்கா” என்றாள்.

அதுவே கேட்டதுதான். இருவருக்கும் அது தெரிந்தது. நான்கு சீவல் சீவிக் குழாயில் போட்டு மூடி வைத்த அந்த மத்தியானத்தைச் சொல்லிவிடலாமா என்று குழாயக்கா வாயெடுத்தாள். சொன்னால் தன் பாரம் குறையும், அவள் பாரம் கூடும் என்று தோன்றியது. மென்று விழுங்கிக்கொண்டாள். விதியை மீறாமல் இருந்ததற்காக அவள் வாழ்க்கையில் முதல் தடவை தன்மேலேயே கோபப்பட்டாள். அந்தக் கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.

முடிவை அவள் கம்பெனிக்கும் அனுப்பிவைத்தாள். அதே மாற்றத்தோடு வேறு பெண்கள் இருப்பார்களே, அவர்களுக்காவது சொல்லுங்கள் என்று எழுதினாள். ஆறு வாரம் கழித்துத் தங்கையின் பெயருக்குப் புது ரிப்போர்ட் வந்தது. வழவழப்பான அதே தாள். ‘தீங்கற்றதாக இருக்கக்கூடும்’ என்று இரண்டாவது வரியை மட்டும் மாற்றியிருந்தார்கள். தங்களிடம் உள்ள தகவல்களின் அடிப்படையில் இந்தத் திருத்தம் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அந்தத் தகவல் எப்போதிலிருந்து அவர்களிடம் இருக்கிறது என்று கேட்டு எழுதினாள். பதில் வரவில்லை. மறுபடி எழுதினாள். மேல்முறையீடு நிலுவையில் இருப்பதால் கருத்துச் சொல்ல இயலாது என்று ஒரு வரி வந்தது.

அதே வேப்ப மரத்தடியில், காரில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தைத் தங்கையிடம் காட்டினாள். தங்கை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். வெளியே கார் கற்க வந்த ஒரு அம்மாள் கண்ணாடியைத் தட்டினாள். குழாயக்கா இறங்கி இடம் விட்டாள். அந்த அம்மாள் ஏறி உட்கார்ந்து, இருக்கையை முன்னால் இழுக்கத் தெரியாமல் தடுமாறினாள். தங்கை குனிந்து நெம்புகோலைத் தூக்கிவிட்டாள். அப்போது முகத்தைச் சுளித்தாள். பிறகு கார் மெல்லக் குலுங்கிக்கொண்டு கிளம்பியது. குழாயக்கா மத்தியான வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். மேல்முறையீட்டின் அடுத்த வாய்தாவுக்கு இன்னும் தேதி போடவில்லை.